டிஸ்க் கையில் இருக்கிறது, விளையாட்டு எங்கே?

கேள்வி: ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, நகரம் கட்டும் விளையாட்டு ஒன்றை டிஸ்க்காக வாங்கினேன். அப்போது என் மகளுக்கு ஏழு வயது. அன்றிலிருந்து விடுமுறை நாள்களில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரே நகரத்தைக் கட்டிக்கொண்டு வந்தோம். வெளியாள் யாருடனும் சேர்ந்து விளையாடியதே இல்லை. சென்ற மாதம் அந்த நிறுவனம் தன் சர்வரை மூடிவிட்டது. இப்போது டிஸ்க்கைப் போட்டால், ‘சர்வருடன் இணைக்க முடியவில்லை’ என்ற ஒரு வரி மட்டும் வருகிறது. மூடப்போவதாக அவர்கள் அறிவித்தது அதற்கு இரண்டு மாதம் முன்பு. அந்த அறிவிப்புக்கும் மூன்று வாரம் முன்புதான், மகளின் பிறந்த நாளுக்காகக் கூடுதல் கட்டடத் தொகுப்பு ஒன்றை வாங்கியிருந்தேன். வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினால், ‘எங்கள் விதிமுறைகளின்படி இது அனுமதிக்கப்பட்டதே’ என்று இரண்டு வரியில் பதில் வருகிறது. ‘விளையாட்டுதானே, விட்டுத் தள்ளுங்கள்’ என்கிறார்கள் வீட்டில். என் கோபம் நியாயமானதா? பணம் திரும்பக் கிடைக்குமா? இன்னும் நாற்பதுக்கும் மேற்பட்ட விளையாட்டுகளை என் கணக்கில் வைத்திருக்கிறேன். அவற்றுக்கும் இதே கதிதானா?

பதில்:

அன்புடையீர்,

வீட்டில் சொல்லப்பட்ட அந்த வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன். நுகர்வோர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் என்ற முறையில், என்னிடம் வருகிறவர்களில் பலர், குறை இன்னதென்று சொல்வதற்கு முன்பே, ‘சின்ன விஷயம்தான், இதற்கெல்லாம் வரலாமா என்று தெரியவில்லை’ என்று தயங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பொருள் சிறியதா பெரியதா என்று சட்டம் முதலில் பார்ப்பதில்லை. பணத்தை வாங்கிக்கொண்டவர், தருவதாகச் சொன்னதைத் தந்தாரா என்றுதான் பார்க்கிறது. விலை கொடுத்து வாங்கிய மேசையைக் கடைக்காரர் ஆறு ஆண்டுகள் கழித்து வீட்டுக்கு வந்து தூக்கிக்கொண்டு போனால், ‘மேசைதானே’ என்று யாரும் ஆறுதல் சொல்ல மாட்டார்கள். உங்கள் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால், எந்த இடத்தைப் பிடித்து வாதாடினால் பலன் கிடைக்கும் என்பது வேறு விஷயம். உங்கள் விவகாரத்தில் அந்த இடம் டிஸ்க் அல்ல, பிறந்த நாளுக்கு வாங்கிய தொகுப்பு. அதைப் பின்னர் விரிவாகச் சொல்கிறேன்.

எப்போதும் இணையத்தில் இருந்தாக வேண்டிய விளையாட்டு ஒன்றின் டிஸ்க் உறை இப்போது என் மேசை மீது இருக்கிறது. முன்பக்கம் முழுவதும் படமும் பெயரும். திருப்பினால், அடிப்பகுதியில் பார்கோடுக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு, உறையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் மட்டுமே படிக்க முடிகிற சாம்பல் நிறப் பொடி எழுத்தில் நான்கு செய்திகள்: இணைய இணைப்பு தேவை, நிறுவனத்தின் கணக்கு ஒன்று தொடங்க வேண்டும், உரிம ஒப்பந்தத்தை ஏற்க வேண்டும், இணையச் சேவைகள் முன்னறிவிப்புடன் நிறுத்தப்படலாம். உங்கள் உறையிலும் இதையொட்டிய வாசகங்கள் இருக்கக்கூடும். எடுத்துப் பாருங்கள், இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த நான்கையும் சேர்த்துப் படித்தால், நீங்கள் வாங்கியது விளையாட்டை அல்ல, அவர்கள் கதவைத் திறந்து வைத்திருக்கும் காலம் வரை உள்ளே போய்வருவதற்கான அனுமதியை மட்டுமே என்று பொருளாகிறது. கடையில் விற்பனையாளர் அப்படிச் சொல்லவில்லை. ரசீதிலும் அப்படி எழுதியிருக்காது. விற்கும்போது பொருளாகவும், பறிக்கும்போது அனுமதியாகவும் ஒன்றையே இரண்டு விதமாகப் பேசுவதுதான் இந்தத் தொழிலின் மீது எனக்குள்ள அடிப்படையான மனக்குறை.

தகப்பனும் மகளும் மட்டும் விளையாடும் விளையாட்டுக்குச் சர்வர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். திருட்டுப் பிரதியைத் தடுப்பது, கூடுதல் தொகுப்புகளை விற்பது, யார் எவ்வளவு நேரம் விளையாடுகிறார்கள் என்று கணக்கெடுப்பது, சேமித்த நகரத்தைத் தங்களிடமே வைத்துக்கொள்வது என்று நிறுவனத்துக்குப் பல காரணங்கள் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை விளையாடுகிறவருடைய தேவைகள் அல்ல. 2013 மார்ச்சில் ‘சிம்சிட்டி’ வெளியானபோது, அதுவும் நகரம் கட்டும் விளையாட்டுத்தான், தனியாக விளையாடுவதற்கும் இணைய இணைப்பு கட்டாயம் என்றார்கள். முதல் நாள்களில் சர்வர் கூட்டத்தைத் தாங்காமல் திணற, காசு கொடுத்தவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். இணையமில்லாமல் ஓட வைக்க ஏராளமான பொறியியல் வேலை தேவைப்படும் என்று அப்போது விளக்கம் தரப்பட்டது. ஓராண்டு கழித்து, 2014 மார்ச்சில், இணையமில்லாமல் விளையாடும் வசதியை அதே நிறுவனம் அப்டேட்டாகவே தந்தது. ஆகவே ‘முடியாது’ என்ற சொல்லை நிறுவனங்கள் சொல்லும்போது, ‘இப்போது செலவு செய்ய விருப்பமில்லை’ என்ற பொருளும் அதற்கு உண்டா என்று நான் எப்போதும் பார்ப்பேன்.

உங்களுக்கு நேர்ந்தது தனி ஒருவருக்கு நேர்ந்ததும் அல்ல. 2014 டிசம்பரில் வெளியான ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய விளையாட்டின் சர்வரை யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31 அன்று மூடியது. தனியாகவே ஓட்டி முடிக்கக்கூடிய பெரிய கதைப்பகுதி அதில் இருந்தபோதிலும், மொத்தமும் அன்றோடு நின்றது. பின்னர் பலருடைய கணக்கிலிருந்தே அதன் உரிமம் நீக்கப்பட்டது. அதையொட்டி ராஸ் ஸ்காட் என்பவர் 2024 ஏப்ரலில் தொடங்கிய ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம், சட்டம் கோரிக் குடிமக்களே மனு கொடுக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்கள் முன்முயற்சி என்ற முறையைப் பயன்படுத்திக் கையெழுத்துத் திரட்டியது. 2025 ஜூலையில் அது பத்து லட்சத்தைத் தாண்டியது. விளையாட்டைத் தொழிலாகக் கொள்ளாத, வெறுமனே விளையாடுகிற இத்தனை பேர், ஒரு சட்டக் கோரிக்கைக்காகத் தங்கள் அடையாள விவரங்களைக் கொடுத்துக் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்பதை, ‘விளையாட்டுதானே’ என்று சொல்கிறவர்களிடம் நீங்கள் தயங்காமல் சொல்லலாம்.

அந்த இயக்கத்தினர் கேட்பது சர்வரை என்றென்றும் ஓட்ட வேண்டும் என்பதல்ல, மூடிய பிறகும் விளையாட்டு ஏதாவது ஒரு வழியில் ஓடும்படி விட்டுச் செல்ல வேண்டும் என்பதே. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தொழில்துறையின் மறுப்பு பெரும்பாலும் கேட்கப்படாத ஒரு கோரிக்கைக்குத்தான் பதில் சொல்கிறது. சர்வருக்கு மாதாமாதம் செலவாகிறது, கார் பெயர்களுக்கும் பாடல்களுக்கும் பிறரிடம் வாங்கிய உரிமங்கள் காலாவதியாகின்றன, சிறிய நிறுவனங்களுக்கு இது பெரிய சுமை என்பதெல்லாம் உண்மை. ஆனால், மூடும் நாள் வரும்போது விளையாட்டை எப்படி விட்டுச் செல்வது என்ற திட்டம் தொடக்கத்திலேயே இருந்தால், அந்தச் சுமை பெருமளவு குறையும். ‘நாக்அவுட் சிட்டி’ என்ற விளையாட்டை 2023 ஜூனில் நிறுத்திய வெலன் ஸ்டூடியோஸ் பெரிய நிறுவனம் ஒன்றும் இல்லை. ஆனாலும், ஆட்டக்காரர்கள் தாங்களே சர்வர் நடத்திக்கொள்ளும்படியான பதிப்பு ஒன்றை வெளியிட்டுவிட்டுத்தான் மூடியது. வழிவிட முடியாவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவது இன்னொரு நேர்மையான முறை. இணையம் வழியாகவே விளையாட்டுகளை ஓட்டித் தந்த ஸ்டேடியா சேவையை 2023 ஜனவரி 18 அன்று மூடிய கூகுள், தன் கடையில் வாங்கிய விளையாட்டுகளுக்கும் கருவிகளுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2024 ஆகஸ்டில் வெளியிட்ட ‘கான்கார்டு’ விளையாட்டை இரண்டே வாரத்தில் நிறுத்தியபோது சோனியும் அவ்வாறே செய்தது. செய்ய முடியும் என்பதற்கு முன்னுதாரணம் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இனி உங்கள் பணம். ‘விதிமுறைகளின்படி அனுமதிக்கப்பட்டதே’ என்ற பதிலைக் கண்டு நீங்கள் பின்வாங்கத் தேவையில்லை. ஒரு நிறுவனம் தானே எழுதி, நீங்கள் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்திய ஒப்பந்தம், உங்கள் நாட்டின் நுகர்வோர் சட்டத்துக்கு மேலானது அல்ல. ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம், தன் ஒப்பந்தத்தின்படி பணம் திருப்பித் தர வேண்டியதில்லை என்று ஆஸ்திரேலியாவில் வாதிட்டுப் பார்த்தது. ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் தரும் உத்தரவாதங்களை ஒப்பந்த வாசகத்தால் அழிக்க முடியாது என்று 2016இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்து, 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தண்டமும் விதித்தது. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், டிஜிட்டல் பொருளும் திருப்தியான தரத்தில், விவரித்தபடியே இருக்க வேண்டும் என்கிறது. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். ஆனால் ‘விதிமுறை’ என்ற ஒற்றைச் சொல்லோடு பேச்சு முடிந்துவிடுவதில்லை.

அதற்காக, டிஸ்க்கின் முழு விலையும் திரும்பக் கிடைக்கும் என்று உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட மாட்டேன். ஆறு ஆண்டுகள் விளையாடியிருக்கிறீர்கள். அந்தப் பயனுக்கு நீதிமன்றம் ஒரு மதிப்பு போடும். பல நாடுகளில் வழக்குத் தொடுக்கும் காலவரம்பும் குறுக்கே நிற்கும். ‘தி க்ரூ’ தொடர்பாக 2024 நவம்பரில் கலிஃபோர்னியாவில் தொடுக்கப்பட்ட வழக்கில், வாங்கியவர்களுக்குக் கிடைத்தது வரம்புக்குட்பட்ட உரிமம் மட்டுமே என்பதுதான் நிறுவனத்தின் வாதம். ஐரோப்பாவிலும் நிலைமை கலவையானது: காலவரம்பு இல்லாத உரிமத்துக்கு ஒரே தொகையாகப் பணம் வாங்கினால் அது விற்பனையே என்று, ஆரக்கிள் நிறுவனத்தின் மென்பொருள் தொடர்பான வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2012இல் சொன்னது, ஆனால் ஸ்டீம் விளையாட்டுகளை மறுவிற்பனை செய்யும் உரிமையைப் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022இல் மறுத்துவிட்டது. டிஸ்க்கை முன்வைத்துப் போனால் இந்தப் பெரிய வாதங்களுக்குள் எல்லாம் நீங்கள் இழுக்கப்படுவீர்கள்.

பிறந்த நாள் தொகுப்பு அப்படியல்ல. ஒரு சர்வரை மூடும் முடிவு ஒரே இரவில் எடுக்கப்படுவதில்லை. அறிவிப்புக்கு மூன்று வாரம் முன்பு உங்களிடம் தொகுப்பை விற்றபோது, மூடும் திட்டம் நிறுவனத்துக்குள் ஏற்கெனவே பேசப்பட்டுக்கொண்டிருந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். மூன்று மாதத்துக்குள் பயனற்றுப் போகும் என்று தெரிந்தே ஒரு பொருளை, அதைச் சொல்லாமல் விற்றிருந்தால், அது முக்கியத் தகவலை மறைத்த விற்பனையாகும். நான் அறிந்த நுகர்வோர் சட்டங்கள் எல்லாவற்றிலும் இந்த மறைப்புக்கு ஏதோ ஒரு பெயரில் தடை இருக்கிறது. ஆகவே உங்கள் அடுத்த கடிதத்தில் ஆறு ஆண்டுக் கதையையும் கோபத்தையும் எழுதாதீர்கள். தொகுப்பை வாங்கிய தேதி, மூடல் அறிவிப்பின் தேதி, சர்வர் நின்ற தேதி ஆகிய மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ‘நான் வாங்கிய நாளில் மூடும் முடிவு எடுக்கப்பட்டிருந்ததா, இருந்தால் அதை விற்பனைப் பக்கத்தில் ஏன் தெரிவிக்கவில்லை’ என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, தொகுப்பின் முழுத் தொகையையும் பதினான்கு நாள்களுக்குள் திருப்பித் தருமாறு கோருங்கள். ரசீது மின்னஞ்சலையும், திரையில் வரும் அந்த ஒற்றை வரியின் படத்தையும் இணையுங்கள். அரட்டைப் பெட்டியில் வேண்டாம், மின்னஞ்சலில் அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அரட்டையில் நடந்த பேச்சுக்கு உங்களிடம் பதிவு மிஞ்சாமல் போகலாம். இரண்டு வரிப் பதிலே மீண்டும் வந்தால், அதே கடிதத்தை உங்கள் நாட்டின் நுகர்வோர் அமைப்புக்கு அனுப்புங்கள். தேதிகள் தெளிவாக உள்ள புகாரை எடுத்து நடத்துவது அவர்களுக்கும் எளிது.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அட்டை கொடுத்த வங்கியிடம் முறையிட்டு, கட்டிய பணத்தை நேரடியாகத் திரும்பப் பெறுங்கள் என்று நண்பர்கள் ஆலோசனை சொல்வார்கள். அந்த வழி இருக்கிறது, அதற்கான கெடு பெரும்பாலும் சில மாதங்களே என்பதால் உங்களுக்கு நேரமும் நெருங்குகிறது. ஆனால், வங்கி மூலம் பணத்தைப் பிடுங்கினால் கணக்கை முடக்கும் அதிகாரத்தைப் பல விளையாட்டுக் கடைகள் தங்கள் விதிகளில் எழுதி வைத்துள்ளன. ஒரு தொகுப்பின் விலைக்காக நாற்பது விளையாட்டுகளையும் பணயம் வைக்க நான் சொல்ல மாட்டேன். முதலில் கடிதம், பிறகு புகார். வங்கி கடைசி வழியாகவே இருக்கட்டும்.

அந்த நாற்பதும் ஒரே மாதிரியானவை அல்ல. ஒரு விடுமுறை நாளில் வீட்டு இணையத்தை அணைத்துவிட்டு, டிஸ்க்கைப் போட்டு விளையாடும் கருவியான கன்சோலையும் முழுதாக அணைத்து மறுபடி போட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். எது முதல் திரையைத் தாண்டி ஆட்டத்துக்குள் போகிறதோ அது ஓரளவு உங்களுடையது. அதிலும் சேமிப்புக் கோப்பு கன்சோலிலேயே இருக்கிறதா என்று பார்த்து, வெளி வன்தட்டில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். எது வாசலிலேயே நின்றுவிடுகிறதோ, அதில் இனி ஒரு காசும் செலவழிக்காதீர்கள், தள்ளுபடி எவ்வளவு காட்டினாலும். புதிதாக வாங்கும்போது, கணினியில் விளையாடும் பழக்கம் இருந்தால், ஜிஓஜி போல, பூட்டு இல்லாத நிறுவல் கோப்பையே இறக்கி வைத்துக்கொள்ள விடும் கடையில் முதலில் தேடுங்கள். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல், டிஜிட்டல் பொருளுக்கு ‘வாங்கு’ என்ற சொல்லைப் பயன்படுத்தும் கடைகள், கிடைப்பது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் நடைமுறையில் உள்ளது. நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ளக்கூடிய பொருள்களுக்கு அதில் விலக்கு உண்டு. அந்தச் சட்டத்தை நான் வரவேற்கிறேன், ஆனால் அது போதும் என்று நினைக்கவில்லை. உரிமம் என்று சொன்னால் மட்டும் போதாது, எந்தத் தேதி வரை என்றும் சொல்ல வேண்டும். பால் உறையின் மீது கூட அந்தத் தேதி இருக்கிறது.

கடைசியாக, நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒன்று. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது பணம் அல்ல, உங்கள் மகளின் நகரம். சேமிப்பு சர்வரில்தான் இருந்தது என்றால், நிறுவனம் அதை இன்னும் அழித்திருக்காமல் இருக்கலாம். தனிப்பட்ட தரவு பற்றிய சட்டங்கள் உள்ள பல நாடுகளில், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல், தன் கணக்கு தொடர்பான தரவின் பிரதியைக் கேட்கும் உரிமை பயனருக்கு உண்டு. விளையாட்டுச் சேமிப்பு அந்த வரையறைக்குள் முழுதாக வருமா என்று வாதாட இடமிருக்கிறது. இருந்தாலும் பணக் கோரிக்கையோடு கலக்காமல் தனிக் கடிதமாக இதை இந்த வாரமே எழுதுங்கள், அழிக்கப்பட்டுவிட்டால் பிறகு எந்த உத்தரவாலும் மீட்க முடியாது. கோப்பு கிடைத்தாலும் அதைத் திறக்க விளையாட்டு ஓட வேண்டும் என்பது தெரிந்ததுதான். ஆனால் இதற்கிடையில் ஒரு காரியம் செய்யுங்கள்: கன்சோலில் ஸ்கிரீன்ஷாட்டுகள் சேமிக்கப்படும் கோப்புறையைத் திறந்து பாருங்கள். விளையாட்டில் ஏதாவது மைல்கல்லை எட்டும்போது சில கன்சோல்கள் தாமாகவே அந்தத் திரையைப் படமாக எடுத்து வைத்துக்கொள்கின்றன; அந்தப் படங்களைப் பார்க்கச் சர்வர் தேவையில்லை. முதல் பாலம் கட்டிய நாளும் முதல் பள்ளிக்கூடம் திறந்த நாளும் தேதியோடு அதில் இருக்கக்கூடும். கன்சோலை விற்பதாகவோ மாற்றுவதாகவோ நினைத்திருந்தால், அதற்கு முன் அவற்றை வேறோர் இடத்தில் பிரதி எடுத்து, மகளிடம் கொடுங்கள்.